தொட்டியைக் கழுவுகிறவள்

போன தடைக்காலத்தில் பாம்பனை ஒட்டிய ஒரு கடற்கரை ஊரில், நண்பர் வீட்டு மொட்டை மாடியில் 'தி ஷேப் ஆஃப் வாட்டர்' படத்தைப் போட்டோம். முப்பது பேர் போல வந்திருந்தார்கள். அன்று நடந்ததையும், அதற்குப் பிறகு அந்தப் படத்தைப் பற்றி என் எண்ணம் மாறிப்போனதையும் எழுதிவைக்கலாம் என்றுதான் இது. நான்கு ஆஸ்கர் வாங்கிய படத்துக்கு ஒரு மொட்டை மாடியின் சான்றிதழ் தேவையில்லை, உண்மைதான். ஆனால் நாலைந்து தடவை பார்த்து, கேட்டவர்களிடமெல்லாம் அளந்துவிட்டிருந்த படத்தில், கண்ணெதிரே கிடந்த ஒன்றை அன்றைக்குத்தான் நான் பார்த்தேன்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. வலை பொத்துவார்கள், படகுக்குப் பெயிண்ட் அடிப்பார்கள், மீதி நேரம் எப்படிப் போகிறதென்று யாருக்கும் தெரியாது. நண்பர்தான் கேட்டார்: "சும்மாதானே கெடக்கோம், நல்ல படமா ஒண்ணு போடேன். பெரிய விருது வாங்குனதா இருக்கட்டும்." தண்ணீர், காதல், விருது மூன்றும் இருக்கிற படம் இதுதான் என்று தோன்றியது. ஒரே சிக்கல், வயது வந்தவர்களுக்கான படம். சீனாவில் திரையிட்டபோது கதாநாயகியின் முதுகுக்குக் கணினியில் கறுப்பு உடை மாதிரி நிழல் பூசினார்கள். நான் ரிமோட்டை நம்பினேன். பிள்ளைகள் தூங்கின பிறகு, இரவு ஒன்பதரைக்கு ஆரம்பித்தோம்.

இன்னொரு சிக்கல் மொழி. ஆங்கில வசனத்தை முழுசாகப் பின்தொடரக்கூடியவர்கள் அங்கே இரண்டு மூன்று பேர்தான். அதனால் நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மௌனப்பட காலத்தில் கொட்டகைகளில் திரையோரம் நின்று கதை சொல்லும் ஆள் ஒருவர் இருப்பாரே, அந்த வேலை. முதல் அரைமணி நேரம் நன்றாகவே செய்தேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

படத்தின் கதை

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1962, அமெரிக்காவின் பால்டிமோர். விண்வெளிப் போட்டி உச்சத்தில் இருக்கிற நேரம். ரகசிய ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் இரவு நேரத் துப்புரவு வேலை பார்க்கிறாள் எலிசா. அவளுக்குக் காது கேட்கும், பேச்சு வராது. குழந்தையாக ஆற்றங்கரையில் கண்டெடுக்கப்பட்டவள், கழுத்தில் இரண்டு பக்கமும் தழும்பு. கூட வேலை செய்பவள் செல்டா, கறுப்பினப் பெண். பக்கத்து வீட்டில் ஜைல்ஸ், வேலை போன விளம்பர ஓவியர், தன் விருப்பத்தை வெளியே சொல்ல முடியாத முதியவர். ஒரு நாள் கூடத்துக்கு ஒரு தொட்டி வருகிறது. உள்ளே, அமேசான் ஆற்றில் பிடிபட்ட, மனித உருவமும் செதிளும் செவுளும் கொண்ட ஓர் உயிர். அங்கே அதைக் கடவுளாகக் கும்பிட்டார்கள். இங்கே பாதுகாப்பு அதிகாரி ஸ்ட்ரிக்லாண்ட் மின்தடியால் அதை அடிக்கிறார், கடைசியில் அறுத்துப் பார்க்க உத்தரவு வருகிறது. எலிசா அதைக் காதலிக்கிறாள், கடத்தி வந்து தன் குளியல் தொட்டியில் ஒளித்துவைக்கிறாள், மழை பெய்து கால்வாய் நிரம்பும் நாளுக்காகக் காத்திருக்கிறாள்.

இதை எழுதி இயக்கியவர் மெக்சிகோவின் கியர்மோ டெல் தோரோ (வனெசா டெய்லரும் சேர்ந்து எழுதினார்). சின்ன வயதில், 1954-இல் வந்த 'கிரியேச்சர் ஃப்ரம் தி பிளாக் லகூன்' படத்தைப் பார்த்துவிட்டு, தண்ணீருக்கு மேலே நீந்தும் பெண்ணும் அடியில் நீந்தும் பிராணியும் ஒன்றுசேர வேண்டும் என்று ஆசைப்பட்ட பையன் அவர். சேரவில்லை. அந்தக் காலத்துப் பூதப் படங்களில் சேர்க்கவும் மாட்டார்கள். பிராணி சாக வேண்டும், நல்ல வேலையில் இருக்கிற ஆண்பிள்ளை பெண்ணை மீட்டுக்கொண்டு வர வேண்டும், அதுதான் வாய்ப்பாடு. பல வருடம் கழித்து, 2011-இல், எழுத்தாளர் டேனியல் கிரவுஸ் அவரிடம் ஒரு கதைக்கரு சொன்னார்: ஆராய்ச்சிக்கூடத்தில் தரை துடைக்கும் ஒருத்தி அங்கே அடைத்துவைத்த நீர்மனிதனைத் திருடிக்கொண்டு போகிறாள். இரண்டு முனையும் முடிச்சு விழுந்தது அங்கேதான். அந்த 'தரை துடைக்கும் ஒருத்தி' எவ்வளவு முக்கியம் என்று பிறகு சொல்கிறேன்.

சுமார் 1.95 கோடி டாலரில் எடுத்த படம். ஹாலிவுட் கணக்கில் அது கைச்செலவு. முதலில் கறுப்பு வெள்ளையில் எடுக்கத்தான் டெல் தோரோ நினைத்திருந்தார். 2017 செப்டம்பரில் வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம், 2018 மார்ச் 4 அன்று 90-ஆவது ஆஸ்கர் விழாவில் 13 பரிந்துரைகளும் 4 விருதுகளும்: சிறந்த படம், இயக்கம், அலெக்சாண்டர் டெஸ்ப்லாவின் இசை, கலை இயக்கம். உலகம் முழுக்க வசூல் போட்டதைப் போல் பத்து மடங்கு.

விருதுப் பட்டியலைப் படித்தபோது நண்பர் மட்டும் தலையாட்டினார். மற்றவர்கள் படத்தைப் போடச் சொன்னார்கள்.

ஃபியூஸ் போன பத்து நிமிடம்

அரைமணி நேரம் போயிருக்கும். ஸ்பீக்கர் 'டப்' என்று நின்றது. ஆம்ப்ளிஃபயரில் ஃபியூஸ் போய்விட்டது. மைக்கும் அதில்தான் இருந்தது, ஆக நானும் ஊமையானேன். புரொஜெக்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தலாம் என்று எழுந்தேன்.

திரையில் முட்டைக் காட்சி ஓடிக்கொண்டிருந்தது. எலிசா தினமும் வேலைக்குக் கிளம்பும் முன் முட்டை அவிப்பாள். அந்த முட்டையைத் தொட்டி விளிம்பில் வைத்துவிட்டு, கையால் 'முட்டை' என்று காட்டுகிறாள். அது வந்து எடுக்கிறது. அடுத்த நாளும் வைக்கிறாள். இசைத்தட்டுப் பெட்டியைக் கொண்டுவந்து பாட்டுப் போடுகிறாள். துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு ஆடுகிறாள். அது கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்க்கிறது.

நான் மைக் இல்லாமல் குரலை உயர்த்தி விளக்க ஆரம்பித்தேன். நண்பரின் அம்மா திரும்பிப் பார்த்தார். "பேசாம இருப்பா. எல்லாம் வெளங்குது."

ஃபியூஸ் கம்பி மாற்றப் பத்து நிமிடம் ஆனது. அந்தப் பத்து நிமிடத்தில் ஒருவரும் எழுந்து போகவில்லை. நான் விளக்கிக்கொண்டிருந்த அரைமணி நேரத்தில்தான் நாலு பேர் கீழே இறங்கிப் போயிருந்தார்கள். கணக்கு அவ்வளவுதான், அதற்குமேல் நான் சொல்ல என்ன இருக்கிறது.

பேச முடியாத ஒரு பாத்திரத்தை நடுவில் வைத்ததால், காதலின் எல்லா முக்கியமான இடங்களையும் வாய்ச்சொல் இல்லாமல் சொல்ல வேண்டிய கட்டாயத்தை இயக்குநர் தனக்குத்தானே போட்டுக்கொண்டார். எலிசாவாக நடித்த சாலி ஹாக்கின்ஸின் முகம், கை, நடை. பிராணியாக நடித்த டக் ஜோன்ஸின் கழுத்துத் திருப்பல். அவர் முகத்தைத்தான் வேஷம் மூடியிருக்கிறதே, கழுத்தாலும் தோளாலும்தான் நடிக்க வேண்டும். அந்த உருவத்தைக் கணினிக்குள் உருவாக்கி ஒட்டாமல், உடையாகச் செய்து ஒரு மனிதனுக்குள் ஏற்றியது நல்ல முடிவு. கணினி வேலை கண்ணிமைக்கும் அதுபோன்ற நுணுக்கங்களுக்கும் மேல்பூச்சாக மட்டும் வருகிறது. தொடுகிற காட்சியில் தொடுவதற்கு அங்கே ஒன்று இருந்தது, அது திரையில் தெரிகிறது.

நண்பரின் தங்கைக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. நண்டு கம்பெனி ஒன்றில் வேலை. நண்டு அவிக்கிற இடத்தில் தட்டு கழுவுவது, தரை கழுவுவது. வீட்டுக்குள் அவர்களுக்கென்று ஒரு கைப்பேச்சு உண்டு. எலிசா 'முட்டை' காட்டியதும் அவர் அண்ணனைத் தட்டி ஏதோ சொன்னார். தப்பாகக் காட்டுகிறாளாம். இவர் காட்டியது, முட்டையைச் சட்டி விளிம்பில் தட்டி உடைக்கிற மாதிரி. படத்தில் வருவது அமெரிக்கச் சைகைமொழி. எழுத்துகளை அவர்கள் ஒரே கையில் காட்டுவார்கள், இந்தியச் சைகைமொழியில் இரண்டு கையும் வேண்டும். சைகை உலகம் முழுக்க ஒன்றுதான் என்று நினைத்திருந்த எல்லோருக்கும், எனக்கும் சேர்த்து, அன்று ஒரு பாடம்.

எலிசா ஸ்ட்ரிக்லாண்டைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகக் கையில் ஒரு கெட்ட வார்த்தையைச் சொல்லும் இடம் வந்தது. அவள் என்ன சொன்னாள் என்று அவன் பதறிக் கேட்கிறான், 'நன்றி சொல்கிறாள்' என்கிறாள் செல்டா. அதற்குள் ஸ்பீக்கர் சரியாகிவிட்டது. ஆனால் மைக்கில் அதை எப்படிச் சொல்வது? முழித்தேன். முன்வரிசைப் பெண்கள் அதற்கு முன்பே சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

கனவுப் பாட்டு

படத்தின் பிற்பகுதியில் எலிசா சாப்பாட்டு மேசையில் அதன் எதிரே உட்கார்ந்திருக்கிறாள். எவ்வளவு பிடிக்கும் என்று சொல்ல வார்த்தை இல்லை. திடீரென்று படம் கறுப்பு வெள்ளையாகிறது, பெரிய ஆர்க்கெஸ்ட்ரா, பளபளக்கும் மேடை, அவளுக்குக் குரல் வருகிறது, பாடுகிறாள், இரண்டு பேரும் ஆடுகிறார்கள்.

மேற்கத்திய ரசிகர்களில் சிலருக்கு இந்த இடம் தொண்டையில் மாட்டிக்கொள்ளும். மாடியில் விசில் பறந்தது. நமக்கென்ன புதுசா? காதல் வந்தால் காட்சி மாறும், உடை மாறும், ஊரே மாறும். சொல்ல முடியாததைப் பாட்டில் சொல்வது எண்பது வருடமாக நம் கொட்டகைப் பழக்கம். இங்கே கூடுதலாக ஒன்று: அவள் பாடுவது கனவில் மட்டும்தான் நடக்கும், விழித்தால் வாய் மூடிக்கொள்ளும். நம் கனவுப் பாட்டுகளில் நாயகன் நாயகி இருவரும் கனவுக்கு வெளியிலும் வாய் ஓயாமல் பேசுகிறவர்கள். கனவு தேவைப்படுகிற ஒருத்திக்குக் கனவுப் பாட்டு கொடுத்தது இந்தப் படம்தான் என்று எனக்குத் தோன்றியது.

தண்ணீர்க் கணக்கு

இனி நான் எதிர்பார்க்காத பகுதி. எலிசா அதைத் தொட்டியில் போட்டு, பொட்டலம் பொட்டலமாக உப்பைக் கொட்டுகிறாள். உப்புத் தண்ணீரில்தான் அது பிழைக்கும். "ஆத்துல பிடிச்சதுன்னீங்க, அதுக்கு எதுக்கு உப்பு?" என்று ஒரு பெரியவர் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அடுத்த கேள்வி, இவ்வளவு உப்பு போதுமா? வாலிநோக்கம் உப்பளத்தில் சொந்தக்காரர்கள் வேலை பார்க்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு இதைச் சும்மா விடமாட்டார்கள். கடல் நீர் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. 150 லிட்டர் தொட்டி என்றால் ஐந்து கிலோவுக்கு மேல். ஆளாளுக்குக் கணக்குப் போட்டு, அந்தப் பெண் போட்டது கம்மிதான் என்று முடிவானது.

பிறகு அந்தக் குளியலறைக் காட்சி. கதவிடுக்கில் துண்டுகளை அடைத்துவிட்டு, குழாய்களைத் திறந்து, அறை முழுக்கத் தண்ணீர் நிரப்பி, இருவரும் கட்டிப்பிடித்து மிதக்கிறார்கள். படத்தின் சுவரொட்டிகளுக்கே உயிர் கொடுத்த காட்சி அது. மாடியில் ஒரு அக்கா தலையில் கை வைத்துவிட்டார்: "ஆத்தி, இம்புட்டு நல்ல தண்ணியையுமா!" தண்ணியில்லாக் காடு என்று பேரெடுத்த மாவட்டம், குடத்துக்குக் காசு கொடுத்து வாங்குகிற ஊர். எலிசாவின் வீட்டுக்குக் கீழே இருக்கிற சினிமாக் கொட்டகையில் தண்ணீர் ஒழுகியபோது, கொட்டகைக்காரன் கத்துவது நியாயம்தான் என்று பாதிப் பேர் அவன் கட்சி. காதல் காட்சியில் கைதட்டு எதிர்பார்த்து உட்கார்ந்திருந்த எனக்கு முதலில் கொஞ்சம் ஏமாற்றம்தான். பிறகு தோன்றியது, அந்தக் காட்சியின் ஊதாரித்தனத்தை இவர்கள்தான் முழுசாக உணர்ந்திருக்கிறார்கள். ஒரு துப்புரவுத் தொழிலாளி வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்றை மிச்சம் பிடிக்காமல் வாரி இறைக்கிறாள்.

கூட்டத்தில் பாசி எடுக்கப் போகும் பெண்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். மரிக்கொழுந்து பாசி, கட்டக்கோரை எடுக்க மூச்சைப் பிடித்து முங்குகிறவர்கள். கண்ணாடி, விரல்களில் சுற்றிய துணி, காலில் வெட்டிக் கட்டிய தகடு, இடுப்பில் பை, அதுதான் அவர்கள் உபகரணம். இந்தக் கரையின் பாசிப் பெண்களுக்கும் விருது புதிதல்ல. பாம்பன் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி 2015-இல், தீவுகளின் இயற்கையைக் காக்கிறவர்களுக்குக் கொடுக்கும் சீகாலஜி விருது வாங்கினார். படத்தின் தொடக்கத்தில் எலிசாவின் வீடே தண்ணீருக்குள் மூழ்கியிருக்க, நாற்காலி மேசையெல்லாம் மிதக்கும். அதைப் பார்த்ததும் அவர்களில் ஒருவர் சொன்னார்: "இது தண்ணிக்குள்ள எடுத்ததில்ல. நீரோட்டமே இல்லாம எந்தக் கடல்லயும் இப்படி மெதக்க முடியாது."

சரியாகச் சொன்னார். அது ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் எடுத்தது. அறையில் புகை நிரப்பி, நடிகையையும் சாமான்களையும் கம்பியில் தொங்கவிட்டு, காற்றாடி வைத்து, தண்ணீர் அலையின் ஒளியைப் புரொஜெக்டரால் மேலே பாய்ச்சி, வேகமாகப் படம்பிடித்து மெதுவாக ஓட்டுவார்கள். பழைய நாடகமேடை வித்தைதான். அதைச் சொன்னதும், "அப்ப அந்தப் பிள்ள கண்ணு எரியாம நடிச்சிருக்கும்" என்று நிம்மதிப்பட்டார்.

அந்தப் பிராணி, ஜைல்ஸ் வளர்க்கும் பூனையைத் தின்றுவிடும் காட்சிக்குத்தான் மாடியில் பெரிய ஆரவாரம். வாழ்நாள் முழுக்கப் பூனையிடம் மீன் பறிகொடுத்தவர்கள் இல்லையா.

1962, மண்டபம்

எழுபதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் சுவரோரம் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். உப்பு எதற்கு என்று கேட்டவர் அவர்தான். இடைவேளையில் டீ கொடுக்கும்போது, "இது எந்த வருசம் நடக்குது?" என்றார். 1962 என்றேன். "அப்ப இங்கயும் தொட்டியில கெடந்துச்சே" என்றார்.

எனக்கு ஒரு நிமிடம் பிடிபடவில்லை. கடல் பசுவைச் சொல்கிறார். அவர்கள் பாஷையில் ஆவுளியா.

அது நடந்த விஷயம். மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் 1947-இல் தொடங்கப்பட்டு, பிறகு நீண்ட காலம் மண்டபம் முகாமில்தான் தலைமையகம் வைத்திருந்தது. அங்கே 1959-இல் ஒரு ஜோடி கடல் பசுக்களைத் தொட்டியில் வைத்து வளர்த்தார்கள். நிலையத்தின் இயக்குநராக இருந்த சா. ஜோன்ஸ் அதே வருடம் அவற்றைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதினார். அவை பல ஆண்டுகள் அங்கே உயிரோடு இருந்தன. டெல் தோரோ கற்பனையில் பால்டிமோருக்கு ஒரு தொட்டியைக் கொண்டுவந்த அதே வருடங்களில், நம் கரையில் நிஜமாகவே ஒரு தொட்டி இருந்திருக்கிறது. அதற்குள் இருந்ததும் சாதாரணப் பிராணி இல்லை. குட்டியை மார்போடு அணைத்துப் பால் கொடுப்பதைத் தூரத்திலிருந்து பார்த்துக் கடற்கன்னிக் கதைகள் பிறந்ததாகச் சொல்வார்களே, அந்த இனம். விலங்கியலில் அந்த வரிசைக்கு வைத்த பேரே சைரேனியா, மாலுமிகளைப் பாடி மயக்கும் கிரேக்கக் கதைப் பெண்களின் பேர்.

பெரியவர் சின்னப் பையனாக இருந்தபோது அப்பாவோடு போய்ப் பார்த்திருக்கிறார். "புல்லைக் கொண்டாந்து போடுவாங்க. மேல வந்து மூக்கால மூச்சு விட்டுட்டு உள்ள போயிரும். ஆம்பள ஒண்ணு, பொம்பள ஒண்ணு." அப்புறம் கொஞ்சம் நேரம் ஒன்றும் சொல்லவில்லை. கறி தின்ற காலமும் அவருக்கு ஞாபகம் இருக்கிறது, அதையும் ஒளிக்காமல் சொன்னார்.

ஒப்பீட்டை இதற்கு மேல் இழுக்க எனக்கு விருப்பமில்லை. மண்டபத்தில் இருந்தவர்கள் ஸ்ட்ரிக்லாண்டுகள் இல்லை. வேண்டுமானால் படத்தில் வரும் ஹாஃப்ஸ்டெட்லர் மாதிரி. சோவியத் உளவாளியாக இருந்தும், இதைக் கொல்லக் கூடாது, படிக்க வேண்டும் என்று இரண்டு பக்கத்து எஜமானர்களோடும் மல்லுக்கட்டி உயிரை விடும் விஞ்ஞானி அவர். அந்தக் காலத்தில் கட்டுரைகள் எழுதப்பட்டதால்தான் கடற்புல் மேயும் இந்தப் பிராணியைப் பற்றி நமக்கு நாலு விஷயம் தெரியும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இல் தேசியப் பூங்காவாயின. பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரைகளை ஒட்டி 448 சதுர கிலோமீட்டரை 2022-இல் கடல் பசுக் காப்பகமாக அறிவித்தார்கள். வலையில் ஆவுளியா மாட்டினால் வலையை அறுத்தாவது விடுகிற மீனவர்கள் இன்று இருக்கிறார்கள். வலைக்கு என்ன விலை என்று தெரிந்தவர்களுக்கு அது சின்னக் காரியம் இல்லை என்பதும் தெரியும்.

ஆனால் அந்தப் பேச்சுக்குப் பிறகு படத்தின் இரண்டாம் பாதியை மாடியில் எல்லோரும் வேறு மாதிரி பார்த்தார்கள். காதல் கைகூடுமா என்பது பின்னுக்குப் போனது. எப்போது தண்ணீரில் விடப்போகிறாள், கால்வாய் கடலில் போய்ச் சேருமா, மழை போதுமா. எலிசா நாட்காட்டியில் தேதியைக் குறித்ததும், அன்றைக்கு என்ன திதி என்று பின்னாலிருந்து ஒரு குரல். வெள்ளம் எப்போது ஏறும் என்று பார்க்கத்தான்.

யார் கண்ணிலும் படாதவர்கள்

நான் சொல்ல வந்த விஷயம் இது. நண்பரின் தங்கை எனக்குக் காட்டிக்கொடுத்தது.

இந்தப் படத்தின் முக்கியத்துவம் என்று நான் வழக்கமாகச் சொல்லிவந்தது மூன்று. பூதப் படம் என்று ஒதுக்கப்பட்ட வகை, சிறந்த படத்துக்கான ஆஸ்கரைத் தட்டியது. கற்பனை உலகக் கதைக்கு அந்த விருது அதற்குமுன் 2003-இல் வந்த 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' மூன்றாம் பாகத்துக்குக் கிடைத்தது, அதுவோ பெரிய படை, பெரிய பணம். அடுத்து, 2013 முதல் 2018 வரை வந்த படங்களில் ஒரு வருடம் தவிர எல்லா வருடமும் சிறந்த இயக்குநர் விருது மெக்சிகோக்காரர்களுக்கே போனது: குவாரோன் இரண்டு தடவை, இன்யாரித்து இரண்டு தடவை, நடுவில் டெல் தோரோ. எல்லையில் சுவர் கட்டுவேன் என்ற பேச்சு அமெரிக்காவில் ஓங்கியிருந்த நாட்களில், அங்கே 'அந்நியன்' என்று ஒதுக்கப்பட்ட உயிரை நேசிக்கும் கதை அது. மூன்றாவது, அழகியும் மிருகமும் கதையை இது திருப்பிப்போட்டது. மிருகம் கடைசியில் இளவரசனாக மாறுவதில்லை, செதிளோடுதான் இருக்கிறது. மாறுகிறவள் அவள்.

இதெல்லாம் சரிதான். ஆனால் கதை எதன் மேல் ஓடுகிறது? படம் முடிந்த பிறகு தங்கை கை வீசி வீசி அண்ணனிடம் சொன்னதை அவர் எனக்குச் சொன்னார். அந்த இரண்டு பெண்களும் கழிவறையைக் கழுவிக்கொண்டிருக்கும்போதே அதிகாரி உள்ளே வந்து, கூச்சமே இல்லாமல் ஒன்றுக்குப் போகிறான். "அவங்க அங்க நிக்கிறது அவனுக்கு ஒரு பொருட்டே இல்ல. கம்பெனியில எங்க சூப்பர்வைசரும் இப்படித்தான், நான் பக்கத்துல நிக்கும்போதே எல்லாத்தையும் பேசுவாரு, செய்வாரு. எனக்குக் காது கேக்காதுன்னு மட்டும் இல்ல."

அந்தக் கண்ணோடு படத்தை மறுபடி ஓட்டிப் பார்த்தேன், எல்லாமே அதுதான். எலிசா தொட்டியை நெருங்குவது ஏன்? கடிபட்ட அதிகாரியின் ரத்தத்தைக் கழுவ உள்ளே அனுப்புகிறார்கள். தரையில் கிடக்கும் விரல்களைப் பொறுக்குவதும் இவர்கள்தான். உயர்ரகசிய அறைக்குள் தினமும் போகவர அவளுக்கு இருக்கும் அனுமதிச்சீட்டு அந்தத் துடைப்பம். பிராணி காணாமல் போனதும் ஸ்ட்ரிக்லாண்ட் தரப்பு போடுகிற கணக்கு: நன்றாகப் பயிற்சி பெற்ற படை, குறைந்தது பத்து ஆட்கள். எலிசாவையும் செல்டாவையும் கூப்பிட்டு விசாரிக்கும்போதே, கழிவறை கழுவுகிறவர்களிடம் போய் என்ன விசாரணை என்று தன்னையே நொந்துகொள்கிறான். பத்துப் பேர் படை என்று அவன் தேடிக்கொண்டிருந்தது ஒரு ஊமைப் பெண், ஒரு கிழ ஓவியர், சலவை வண்டி என்று பெயிண்ட் அடித்த ஒரு வேன். அவன் பார்க்க மறுத்ததுதான் கதைக்கு எரிபொருள். கடைசியில் அவனுக்கு உண்மையைச் சொல்லிக் காட்டிக்கொடுப்பது செல்டாவின் புருஷன், வீட்டில் உட்கார்ந்த இடத்தில் சோறு கேட்கிற ஆள். அந்த இடத்தில் மாடியில் விழுந்த வசவுகளை எழுத முடியாது.

கிரவுஸ் சொன்ன கருவில் நாயகி துப்புரவு வேலை பார்ப்பவளாக இல்லாமல் ஒரு விஞ்ஞானியாகவோ நர்ஸாகவோ இருந்திருந்தால் இந்தக் கதை நடந்திருக்காது, நடக்கவே முடியாது. பூதத்தைக் காதலிப்பதைவிட, பூதப் படத்தின் நடுவில் துடைப்பத்தை வைத்ததுதான் இதன் துணிச்சல் என்று இப்போது நினைக்கிறேன். விருது மேடைகளில் 'ஒதுக்கப்பட்டவர்கள்' என்று பொதுவாகச் சொல்லிக் கடந்துபோனார்கள். வேலை என்று ஒன்று இருக்கிறது, அட்டையை மெஷினில் செருகி நேரம் பதிகிற வேலை. அதிலிருந்துதான் எல்லாம் கிளம்புகிறது.

குறைகள் இல்லாமல் இல்லை. ஸ்ட்ரிக்லாண்டுக்குள் ஒரு ஓட்டை கூடக் கிடையாது, வடித்தெடுத்த வில்லன். அந்தப் பிராணிக்கு என்ன வேண்டும் என்று படம் கடைசிவரை கேட்கவில்லை, முட்டையும் பாட்டும் பிடிக்கும் என்பதோடு சரி. முடிவுதான் எனக்குப் பெரிய உறுத்தல். குண்டடிபட்ட எலிசாவை அது தண்ணீருக்குள் கொண்டுபோகிறது, கழுத்துத் தழும்புகள் செவுள்களாகத் திறக்கின்றன. அழகான படிமம். ஆனால் பேச முடியாத ஒருத்திக்கு மனிதர்களோடு வாழ இடமில்லை, அவள் வேறு உலகத்தைச் சேர்ந்தவள் என்று சொல்லி அனுப்பிவைப்பது மாதிரியும் இருக்கிறது. இதைத் தங்கையிடம் அண்ணன் மூலமாகக் கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, அவளுக்குத்தான் அங்கே செல்டா இருந்தாளே, பேசிக்கொள்ள ஆள் இருந்ததே, போயிருக்க வேண்டாம் என்றார். அந்தக் கோணம் எனக்குத் தோன்றியதே இல்லை.

கதை சொல்லும் ஜைல்ஸ், அவர்கள் நன்றாக வாழ்ந்தார்கள் என்று நம்புவதாகத்தான் சொல்கிறார், வாழ்ந்தார்கள் என்று அடித்துச் சொல்வதில்லை. அவள் செத்துவிட்டாளா, இது அந்தக் கிழவரின் ஆறுதலா என்று வெளியே பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். அதை ஒரு கேள்வியாக முன்வைத்தேன். பாசி எடுக்கும் அக்கா பாயைச் சுருட்டிக்கொண்டே, "செவுள் வந்துருச்சுல்ல, பெறகென்ன?" என்றார். காலையில் நீர் வற்றும் நேரத்துக்குத் தென்கடலில் இறங்க வேண்டும் அவர்களுக்கு. மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது.

எல்லோரும் இறங்கிப் போன பிறகு நானும் நண்பரும் வயரைச் சுருட்டினோம். தங்கை டீக் கிளாஸ்களைப் பொறுக்கினார். இறங்கப்போனவர் திரும்பி நின்று அண்ணனிடம் ஒன்று கேட்டார். அவர் சிரித்துவிட்டார்.

"அந்தக் குளியலறையக் கடைசியில யாரு கழுவுனாங்களாம்?"